கைபடாத உபதேசம்

ஒரு வாத்தியத்துக்கு எவ்வாறு சுருதி சேர்ப்பது, அதை எவ்வாறு துடைப்பது, எங்கே வைப்பது என்று பிறருக்கு எடுத்துச் சொல்ல முன்வருகிறவர், அந்த வாத்தியத்தைச் சில காலமேனும் மடியில் வைத்துப் பழகியவராக இருக்க வேண்டும் என்பது, நம் முன்னோருக்கு யாரும் விளக்கிச் சொல்ல அவசியமில்லாத விஷயமாக இருந்தது. இன்று அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாத்தியங்களை விற்பதாகவும் அவற்றைப் பற்றிப் போதிப்பதாகவும் சொல்லிக்கொள்ளும் இணையதளங்களில், 'வீணையைப் பராமரிப்பது எப்படி', 'மிருதங்கத்தைச் சுத்தம் செய்வது எப்படி', 'வயலினுக்குச் சுருதி கூட்டுவது எப்படி' என்னும் தலைப்புகளோடு நாள்தோறும் குவிகின்ற கட்டுரைகளைப் பொறுமையாகப் படித்துப் பார்த்தவர்களுக்கு என் மனக்கிலேசம் புரியும். வீணையின் மெட்டுகளைத் திருகாணி கொண்டு இறுக்கச் சொல்லும் கட்டுரையைப் படித்தேன். வயலினின் தந்திகள்மேல் குங்கிலியக் கட்டியைத் தேய்க்கச் சொல்லும் கட்டுரையைப் படித்தேன். மிருதங்கத்தின் கரணை என்னும் கரும்பூச்சில் எண்ணெய் பூசி மெருகேற்றச் சொல்லும் கட்டுரையையும் படித்தேன். வீணையின் மெட்டு மெழுகில் பதிந்திருப்பது, அதில் திருகாணி என்பதே கிடையாது; குங்கிலியம் வில்லின் மயிருக்கு உரியது, தந்திக்கு உரியதன்று; கரணையில் எண்ணெய் பட்டால் அந்தப் பக்கத்துத் தோலையே மாற்ற நேரிடும். இவை எதுவும் அரிய ரகசியங்களல்ல. முதல் மாதம் பாடம் கேட்கும் மாணவனும் அறிந்தவை. ஆயினும் அக்கட்டுரைகளின் வாக்கியங்கள் திருத்தமாக இருக்கின்றன, தொனி உறுதியாக இருக்கிறது, படங்கள் அழகாக இருக்கின்றன. எழுதியவர் யார், அவர் யாரிடம் கற்றார் என்னும் குறிப்பு மட்டும் எங்கும் காணப்படுவதில்லை.

இதனால் என்ன பெரிய நஷ்டம் நேர்ந்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. மயிலாப்பூரில் வசிப்பவருக்குப் பெரிய நஷ்டம் நேராது. சந்தேகம் தோன்றினால் இரண்டு தெரு நடந்து, ஒரு வித்வானையோ வாத்தியம் பழுது பார்ப்பவரையோ கேட்டுவிடுவார். நாங்கள் வசிக்கும் கும்மிடிப்பூண்டியின் நிலைமை வேறு. சிப்காட் வளாகத்தைச் சுற்றி இரும்பு உருக்கும் உலைகளும் கம்பி இழுக்கும் உருட்டாலைகளும் இரவும் பகலும் இயங்கிக்கொண்டிருக்க, ஷிப்ட் முறையில் வேலை செய்து, பகலில் உறங்கி, கிடைத்த வேளையில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கும் குடும்பங்கள் நிறைந்த ஊர் இது. இங்கே பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து உழைக்கும் இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் டோலக்கும் ஹார்மோனியமும் வைத்துக்கொண்டு பஜனை பாடுவதை நான் பல தடவை நின்று கேட்டிருக்கிறேன். ஆனால் ஒரு தந்தி தளர்ந்தாலோ ஒரு பிரடை வழுக்கினாலோ எடுத்துச் சென்று காட்டுவதற்கு, எனக்குத் தெரிந்தவரை, ஒரு கடை கிடையாது. மின்சார ரயிலேறி ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து மூர் மார்க்கெட் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ஒரு பேருந்து பிடித்தாக வேண்டும். வீணையைத் தூக்கிக்கொண்டு காலை வேளை ரயிலில் ஏறுவது எளிதான காரியமன்று. திருவள்ளூரில் வீரராகவப் பெருமாள் சந்நிதியை அடுத்து நாதசுரமும் தவிலும் இன்றும் நிலைத்திருக்கின்றன என்றாலும், தந்தி வாத்தியம் பழுதானால் அவ்வூர்க்காரரும் சென்னைக்குத்தான் போகிறார். ஆகவே, நள்ளிரவு ஷிப்ட் முடித்து வந்த ஒரு தகப்பனார், மகளின் வீணையில் ஏதோ குறை என்று கண்டால், கையில் இருக்கும் செல்போனைத்தான் கேட்கிறார். அந்தப் போன் சொல்லும் பதில் பொய்யாக இருந்தால், அதைத் திருத்துவதற்கு இருபது மைல் சுற்றளவில் ஆள் இல்லை.

என்னோடு பணிபுரியும் நண்பர் ஒருவருக்கு அதுதான் நேர்ந்தது. சென்ற ஆண்டு மழைக்காலம் முழுவதும் அவர் மகளின் வீணை ஈரக் காற்றில் இருந்தது. பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து வரும் கடற்காற்றின் ஈரத்தை இவ்வூர்வாசிகள் நன்கு அறிவர். நாதம் மந்தமாகிவிட்டது என்று அந்தப் பெண் சொல்ல, மரம் ஈரத்தை உறிஞ்சியிருக்கக்கூடும், ஆதலால் வாத்தியத்தைச் சில மணி நேரம் நல்ல வெயிலில் கிடத்தினால் சரியாகிவிடும் என்று ஓர் இணையதளக் கட்டுரை போதித்ததைப் படித்து, அவர் அதைப் பங்குனி மாதத்து முற்பகலில் மொட்டை மாடியில் கிடத்தினார். வெயில் ஏறியது. மதியத்துக்குள் தண்டியின் இருபுறத்து மெழுகும் இளகி, மெட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, சில அடியோடு பதிந்துபோயின. மறுவாரம் நானும் அவரோடு சென்னைக்குச் சென்றேன். வீணைக்கு மெட்டமைக்கும், அதாவது மேளம் கட்டும், பெரியவர் ஒருவர் உறையைத் திறந்த மாத்திரத்தில், விரலால் மெழுகைத் தொட்டுப் பார்த்து, "தம்பி, வெயில்ல வெச்சீங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க ஐயா, ஈரம் போவும்னு போட்டிருந்தாங்க" என்றார் நண்பர். "யார் போட்டிருந்தாங்க?" என்று அவர் திரும்பக் கேட்டபோது, எங்கள் இருவருக்கும் சொல்வதற்கு ஒரு பெயர் இல்லை.

அந்தப் பெரியவரின் தொழிலைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் அதைக் கண்டவர்களுக்கு, வீணையைப் பற்றி எழுதுவது எத்தகைய பொறுப்பு என்பது உடனே விளங்கும். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் இருபத்துநான்கு மெட்டுகளோடு உருவம் பெற்றதாகச் சொல்லப்படும் தஞ்சாவூர் வீணை, பலா மரத்தில் குடையப்படுவது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் மெட்டுகள், கிடாரின் மெட்டுகளைப்போல் மரத்தில் வெட்டிய பள்ளத்தில் அறையப்பட்டவை அல்ல. தேன்மெழுகோடு குங்கிலியமும் கரியும் சேர்த்துக் காய்ச்சிய கரிய மெழுகைத் தண்டியின் இரு ஓரங்களிலும் வரப்பாகப் பரப்பி, அது இளகியிருக்கும்போதே ஒவ்வொரு மெட்டையும் அதில் அமர்த்தி, சாரணித் தந்தியை மீட்டி மீட்டி, செவி ஒப்புக்கொள்ளும் இடம் வரும்வரை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி நிறுத்துவதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். தேன்மெழுகு ஏறக்குறைய 62 டிகிரி வெப்பத்தில் உருகும். அதற்கு வெகு முன்பே இளகிவிடும். உலைப் பக்கம் நின்று வேலை செய்கிற எங்களுக்கு, வெயிலில் கிடக்கும் கறுத்த பரப்பு சுற்றுக் காற்றைவிட எவ்வளவு அதிகமாகச் சூடேறும் என்பது தெரியும். மெழுகு என்ற ஒரு சொல்லை அந்தக் கட்டுரையை எழுதியவர் அறிந்திருந்தால் வெயில் என்ற சொல்லை எழுதியிருக்கவே மாட்டார். கிடாரைப் பற்றி எங்கோ எழுதப்பட்டிருந்ததை எடுத்து, கிடார் என்று இருந்த இடமெல்லாம் வீணை என்று மாற்றியதன் விளைவு அது என்றே நான் நினைக்கிறேன். கிடாருக்கும்கூட வெயில் நல்லதன்று என்பது தனி விஷயம்.

பெரியவர் அன்று முழுவதும் உட்கார்ந்து, மறுநாளும் உட்கார்ந்து, அந்த மேளத்தைக் கட்டி முடித்தார். மந்தர ஸ்தாயியின் அந்தர காந்தாரத்தில் அவர் மனம் ஒப்பவில்லை. மூன்று தடவை எடுத்து வைத்தார். சுருதி அளக்கும் எந்தக் கருவியும் அவர் பக்கத்தில் இல்லை. ஒரு தம்பூராவின் சுருதிதான் ஒலித்துக்கொண்டிருந்தது.

தோல் வாத்தியங்களின் விஷயத்தில் இந்தக் குழப்பம் இன்னும் பெரிது. திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களில் பறை அடிப்பவர்கள், அடிக்கத் தொடங்குமுன் வைக்கோலைக் கொளுத்தி அதன் அனலில் பறையைக் காட்டுவதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். மரச் சட்டத்தில் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டப்பட்ட கன்றுத் தோல், அனல் பட்டவுடன் இறுகி, கணீரென்று பேசத் தொடங்கும். எவ்வளவு தூரத்தில் காட்ட வேண்டும், எப்போது திருப்ப வேண்டும், எந்தச் சப்தம் வந்ததும் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் தகப்பனிடமிருந்து மகன் கண்டு பழகிய வித்தை. அதில் ஒரு கணம் பிசகினாலும் தோல் கருகிப்போகும். இனி, மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வலந்தலையில், இரும்புச் சத்துள்ள கல்லைப் பொடித்துச் சோற்றோடு பிசைந்து, மெல்லிய படலம் படலமாக அப்பி, ஒவ்வொரு படலத்தையும் கல்லால் தேய்த்து உலர்த்தி ஏற்றிய கரணை இருக்கிறது. அதை அனலில் காட்டினால் கரணை வெடித்து உதிரும். ஈரத்துணியால் துடைத்தால் ஊறி விட்டுப்போகும். இடந்தலையிலோ, வாசிக்க உட்காரும்போது ரவையை நீரில் பிசைந்து அப்பி, கச்சேரி முடிந்தவுடன் வழித்தெடுத்து விடுகிறார்கள். ஒரே வாத்தியத்தின் ஒரு முகத்துக்கு ஈரம் அவசியம், மற்றொரு முகத்துக்கு ஈரம் பகை. 'தோல் கருவிகளின் பராமரிப்பு' என்ற ஒரே தலைப்பின்கீழ் இவை எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டி, தோலை வெதுவெதுப்பாகச் சூடேற்றுங்கள், ஈரத்துணியால் துடையுங்கள், எண்ணெய் தடவுங்கள் என்று எழுதுபவர், பறைக்கு உரிய மெய்யை மிருதங்கத்துக்கும் சொல்லி அதை நஞ்சாக்குகிறார். மெய்யிலிருந்து பிறந்த பொய்யாதலால் அதை இனம் காண்பதும் கடினமாகிறது.

அந்தக் கரணையின் மகிமையை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் சர் சி. வி. ராமன். வெறும் தோலில் எழும் உபஸ்வரங்கள் ஒன்றோடொன்று இசையாமல் சிதறிப்போக, நடுவில் ஏற்றிய கரணையின் கனம் அவற்றை ஒழுங்குக்குக் கொண்டுவந்து, தந்தி வாத்தியத்தைப்போல் சுருதியோடு இயைந்த நாதத்தைத் தருகிறது என்று, குமார் என்ற உடனாய்வாளரோடு சேர்ந்து அவர் 1920-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். ஆய்வுக்கூடத்தில் அவர் கண்டதை, பௌதிக சாஸ்திரம் ஒரு வரியும் படியாத கைவினைஞர்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே செவியால் கண்டு செய்து வைத்திருந்தனர். மிருதங்கம் செய்யும் அந்தக் குடும்பங்களைப் பற்றி டி. எம். கிருஷ்ணா 2020-இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு நூல் எழுதினார். அதற்கு முன்பு மேடையில் வாசித்தவரின் பெயர் அறிந்த நமக்கு, அந்த வாத்தியத்துக்கு நாதம் கொடுத்தவரின் பெயர் பெரும்பாலும் தெரியாமலே இருந்தது. கைவினைஞரின் பெயரை நாம் எழுதி வைக்காமல் விட்ட வெற்றிடத்தில்தான் இன்று பெயரில்லாக் கட்டுரைகள் வந்து குடியேறுகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. இது நம் சமூகத்தின் மேல் உள்ள கடன். இணையத்தின் மேல் மட்டும் பழி போட்டுத் தீராது.

நான் வயலின் பழகுபவன். ஆதலால் அதைப் பற்றியும் சொல்ல ஆசைப்படுகிறேன். நம் பகுதியை வெறும் இரும்பும் புகையும் என்று நினைப்பவர்களுக்கு, அந்த வாத்தியம் கர்நாடக சங்கீதத்துக்குள் நுழைந்த கதையில் இப்பகுதிக்கு உள்ள பங்கு வியப்பளிக்கும். 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்ததும் இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையால் அறியப்படுவதுமான மணலியில், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதை அடுத்தும், சங்கீதத்தைப் போஷித்த முதலியார் குடும்பம் ஒன்று இருந்தது. முத்துசுவாமி தீக்ஷிதரின் தகப்பனாரான ராமசுவாமி தீக்ஷிதரின் குடும்பம் அவர்களுடைய ஆதரவில் வாழ்ந்தது. முத்துசுவாமி தீக்ஷிதரின் இளைய சகோதரரான பாலுசுவாமி தீக்ஷிதர், மணலிச் சின்னய்ய முதலியாரின் ஏற்பாட்டால் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார் என்பது, சுப்பராம தீக்ஷிதர் 1904-இல் எட்டயபுரத்திலிருந்து வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யின் வழியாக நமக்குத் தெரிகிறது.

பாலுசுவாமி தீக்ஷிதர் அந்நியரிடம் கற்றார். ஆனால் நம் சங்கீதத்தில் அந்த வாத்தியம் வேரூன்றியபோது, மேனாட்டு முறை அப்படியே ஏற்கப்படவில்லை. நின்றுகொண்டு முகவாயால் பிடித்து வாசிக்கும் வாத்தியத்தை, நம்மவர்கள் தரையில் அமர்ந்து, அதன் தலையை வலது கணுக்காலில் ஊன்றி, மறுபுறத்தை மார்பில் சாய்த்து வைத்தார்கள். இதனால் வாத்தியத்தின் பாரம் இடது கையை விட்டு நீங்க, அந்தக் கை கமகங்களுக்காகத் தந்தியின்மேல் மேலும் கீழும் தங்குதடையின்றி வழுக்கிச் செல்ல முடிந்தது. ஜி, டி, ஏ, ஈ என்று ஐந்தைந்து ஸ்வர இடைவெளியில் நிற்கும் தந்திகளை, ஸ, ப, ஸ, ப என்று சேர்த்தார்கள். ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் பெண்குரலுக்கு வாசிப்பதானால், கீழ்த் தந்திகள் இரண்டும் மேனாட்டு நிலையிலேயே நிற்க, மேல் தந்திகள் இரண்டும் ஒவ்வொரு முழு ஸ்வரம் இறங்க வேண்டும். ஒரு கட்டைக்கு வாசிப்பதானால் நான்குமே வெகுவாகத் தளர வேண்டும். இன்று, தமிழில் 'வயலின் சுருதி சேர்ப்பது எப்படி' என்று தேடும் ஒரு குழந்தைக்கு, ஜி, டி, ஏ, ஈ என்னும் நான்கு எழுத்துகளைத் தவிர வேறொன்றும் சொல்லாத கட்டுரைகளே பெரும்பாலும் கண்ணில் படுகின்றன. சுருதி காட்டும் செயலியில் பச்சை விளக்கு எரியும்வரை அக்குழந்தை தந்தியை முறுக்குகிறது. பிறகு சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு வாசிக்க உட்கார்ந்தால், இரண்டு தந்திகள் சுருதியோடு சண்டையிடுகின்றன. விளக்கு பச்சையாக எரிந்ததைக் கண்ட குழந்தை, தவறு தன் காதில் இருக்கிறது என்று முடிவு செய்துகொள்கிறது. உடைந்த மெட்டைத் திரும்பக் கட்டலாம். தன் செவியில் நம்பிக்கை இழந்த குழந்தையைத் தேற்றுவதற்கு ஆசிரியருக்கு மாதக்கணக்கில் ஆகிறது என்பதை என் ஆசிரியர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

எழுத்து வடிவில் உபதேசம் செய்வதே தவறு என்று நான் சொல்லவில்லை. உ. வே. சாமிநாதையர் 1892-இல் பதிப்பித்த சிலப்பதிகாரத்தில், அரங்கேற்று காதைக்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரையைப் பாருங்கள். குழலுக்கு உரியவை மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என்றும், அவற்றுள் மூங்கிலே உத்தமம் என்றும் சொல்லி, காற்று மயங்காத நிலத்தில் வளர்ந்த, இளமையும் முதுமையும் அல்லாத மூங்கிலை வெட்டி, நிழலில் ஆறவிட்டு, அது திருகவோ பிளக்கவோ செய்கிறதா என்று கண்டு, ஓராண்டு கழிந்த பின்னரே குழல் செய்ய வேண்டும் என்று அவர் விவரிக்கிறார். நீளம் இருபது விரல், சுற்றளவு நாலரை விரல் என்று அளவும் தருகிறார். நிழலில் ஆறவிட வேண்டும் என்ற அந்த ஒரு குறிப்பிலேயே, மூங்கில் பிளந்ததைக் கண்ட யாரோ ஒருவருடைய அனுபவம் இருக்கிறது. மேனாட்டிலும் இதே சிரத்தை இருந்தது. மொசார்ட்டின் தகப்பனாரான லெயோபோல்ட் மொசார்ட் 1756-இல் ஆக்ஸ்பர்க் நகரில் அச்சிட்டு வெளியிட்ட வயலின் பாடநூல், மாணவர்களோடு பல ஆண்டுகள் மன்றாடிய ஓர் ஆசிரியரின் நூல் என்பதை இன்று வாசிப்பவரும் உணர்கிறார்கள்.

இப்போது குவியும் கட்டுரைகளுக்கு அத்தகைய அனுபவம் தேவை இல்லை. ஜனங்கள் என்ன சொல்லைத் தேடுகிறார்களோ அந்தச் சொல் பக்கத்தில் இருந்தால் போதும். பக்கம் திறந்தால் விளம்பரம் தெரியும், விளம்பரம் தெரிந்தால் காசு வரும். முன்பு சொற்ப ஊதியத்துக்கு எழுதியவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்கள். இப்பொழுது இயந்திரமே கணத்தில் ஆயிரம் பக்கங்கள் எழுதித் தருகிறது. இத்தகைய பக்கங்களைத் திரள் திரளாக உற்பத்தி செய்வதைத் தன் விதிகளுக்கு விரோதமானது என்று கூகுள் நிறுவனம் 2024 மார்ச்சில் அறிவித்தது. அறிவிப்பு நல்லதுதான். ஆனால் பிழையான கட்டுரையை நீக்கினால் மட்டும் அந்த இடத்தில் சரியான கட்டுரை முளைத்துவிடாது. கரணையைப் பற்றியும் மேளத்தைப் பற்றியும் தமிழில் தெளிவாக, படத்தோடு, பொறுப்பேற்பவரின் பெயரோடு எழுதப்பட்டவை மிகக் குறைவு.

எங்கள் ஆலையில் ஒவ்வோர் இயந்திரத்தின் பக்கத்திலும் எஸ்.ஓ.பி. என்று நாங்கள் சொல்லும் செயல்முறைத் தாள் ஒன்று தொங்கும். அதன் அடியில், தயாரித்தவர் யார், சரிபார்த்தவர் யார், எந்தத் தேதியில் எத்தனையாவது முறையாகத் திருத்தப்பட்டது என்ற மூன்று விவரங்களும் இருந்தே தீர வேண்டும். கையெழுத்து இல்லாத தாளை நம்பி, இங்கே ஒரு வால்வைக்கூடத் திறக்க மாட்டோம். அனுபவமில்லாத புதுப் பையனும் முதலில் கையெழுத்தைத்தான் பார்ப்பான். இதே ஊரில், இதே மனிதர்களாகிய நாங்கள், வீட்டுக்கு வந்ததும் தலைமுறையாகக் காத்த ஒரு வீணையைக் கையெழுத்தில்லாத ஒரு தாளை நம்பி வெயிலில் கிடத்துகிறோம் என்பது என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. வாத்தியத்துக்கும் அத்தகைய தாள்கள் வேண்டும் என்பது என் கருத்து: இன்ன வாத்தியம், இன்ன ஊர்ச் சீதோஷ்ணம், சொன்னவர் இன்னார், எழுதியவர் இன்னார், தேதி இன்னது என்று. திருவள்ளூரின் உலர்ந்த வெயிலுக்குச் சொன்னது பழவேற்காட்டுக் கரைக்குப் பொருந்தாமலும் போகலாம். ஆதலால் ஊரையும் எழுத வேண்டும்.

மேளம் கட்டும் பெரியவரிடம் இதைச் சொன்னேன். தன் பெயர் இணையத்தில் வேண்டாம், ஆனால் சொல்வதை எழுதிக்கொள்ளலாம், கேட்பவர் யாரேனும் நேரில் வந்தால் தன்னிடம் அனுப்பலாம் என்று அனுமதித்தார். ஆகவே அவர் சொன்னதை எழுதியவன் என்ற பொறுப்பை நான் ஏற்கிறேன். கும்மிடிப்பூண்டி, பொன்னேரிப் பக்கத்து வீடுகளுக்கு அவர் சொன்னது இது. வீணையைத் தகர ஷீட் கூரையின்கீழ் மாசி முதல் ஆடிவரை வைக்கலாகாது. கான்கிரீட் வீடானாலும் மேற்குச் சுவரை ஒட்டி வைக்கலாகாது. மழைக்காலத்தில் நாதம் மந்தமானால், உறையிலிருந்து எடுத்து, மின்விசிறிக் காற்று நேரே படாத ஓர் அறையில், நிழலில், இரண்டு மூன்று நாள் திறந்து வைத்தால் போதும். மெட்டுகளின் மேற்பரப்பை உலர்ந்த பருத்தித் துணியால் மட்டும் துடைக்க வேண்டும். ஸ்பிரிட்டோ மண்ணெண்ணெயோ மெழுகைத் தொடக் கூடாது. ஒரு மெட்டு சாய்ந்தால், கையால் அழுத்தி நிமிர்த்தாமல், அது சாய்ந்த நிலையிலேயே கொண்டுவர வேண்டும். எங்கே இருந்தது என்பதற்கு அந்தத் தடம் அவருக்குச் சாட்சியாகும். ரயிலில் எடுத்துவரும்போது தந்திகளை அரைச் சுருதி தளர்த்தி, குடத்தை மடியில் வைத்து உட்கார வேண்டும். மேல் பலகையில் ஏற்றக் கூடாது.

ஆவணியில் ஒரு மாணவி வீட்டு வீணைக்கு மேளம் கட்ட அவர் திருவள்ளூர் வருகிறார். இரண்டு நாள் தங்குவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். மெட்டு தளர்ந்த வீணை வைத்திருப்பவர்கள் ஆடி முடிவதற்குள் எனக்குத் தெரிவித்தால், எத்தனை வீணைகள் என்று கணக்குச் சொல்லி, அதற்கேற்ற மெழுகைக் காய்ச்சி எடுத்துவரச் சொல்கிறேன்.